இரண்டாவது பெட்டி எழுந்திருக்குமா?



"எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு சார், பயப்படவே வேணாம்!" எந்தச் சர்வர் அறைக்குப் போனாலும் காதில் விழும் வசனம் இது. ரெண்டு லோடு பேலன்சர், ரெண்டு ஃபயர்வால், ரெண்டு ஸ்விட்ச், ரெண்டு யு.பி.எஸ். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அந்த ரெண்டாவது பெட்டியைக் கடைசியா எப்போ ஓட்டிப் பார்த்தீங்க?" பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

ரெண்டு பெட்டி வாங்குவது பணம் இருப்பவர் வேலை. முதல் பெட்டி விழுந்தால் இரண்டாவது எழுந்து நிற்கும் என்று காட்டுவது நம் வேலை. இந்த இரண்டாவது வேலையைக் கற்றுக்கொள்ளாமலேயே நம்மில் பலர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறோம். அதுதான் என் வருத்தம். இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான்.

பந்திக்கு ஆள் அனுப்புபவர்

முதலாண்டு தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் அடிப்படை. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒருவர் நிற்பார். "நீங்க அந்த வரிசை, நீங்க இந்த வரிசை" என்று கை காட்டுவார். எந்த வரிசையில் இலை காலியாக இருக்கிறது, எங்கே சாம்பார் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லோடு பேலன்சர் செய்யும் வேலையும் அதுதான். வெளியிலிருந்து வரும் ஆயிரம் பேருக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும். அதற்குப் பின்னால் உள்ள பத்து சர்வர்களில் யார் யாரிடம் போக வேண்டும் என்பதை இந்தப் பெட்டி தீர்மானிக்கும்.

சரி, வாசலில் நிற்பவரே மயங்கி விழுந்துவிட்டால்? உள்ளே பத்து வரிசை காலியாக இருந்தும் ஒருவர்கூடச் சாப்பிட முடியாது. அதனால்தான் அவருக்குத் துணையாக இன்னொருவரை நிறுத்துகிறோம். முதல் பெட்டி 'ஆக்டிவ்', இரண்டாவது 'ஸ்டாண்ட்பை'. வெளியே தெரியும் முகவரி எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை. யார் ஆக்டிவ்வோ அவரிடம் அது இருக்கும். இதைத்தான் மிதக்கும் முகவரி என்கிறோம்.

இதற்கான பொது விதிமுறை வி.ஆர்.ஆர்.பி. முதலில் 1998-ல் வெளியானது. இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆக்டிவ் பெட்டி ஒவ்வொரு விநாடியும் "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று குரல் கொடுக்கும். அந்தக் குரல் மூன்று விநாடி வராவிட்டால், இன்னும் ஒரு சின்ன இடைவெளி பொறுத்துவிட்டு ஸ்டாண்ட்பை எழுந்துகொள்ளும். அந்த இடைவெளிக்கும் கணக்கு உண்டு. 256-லிருந்து ஸ்டாண்ட்பையின் முன்னுரிமை எண்ணைக் கழித்து 256-ஆல் வகுக்க வேண்டும். முன்னுரிமை 100 என்றால் 0.6 விநாடி, ஆக மொத்தம் சுமார் 3.6 விநாடி. முன்னுரிமை அதிகமுள்ள பெட்டிக்கு இந்த இடைவெளி குறைவு, அதனால் அதுவே முந்திக்கொள்ளும். எவ்வளவு எளிமையான, அழகான ஏற்பாடு!

பார்த்தீர்களா? இந்தக் கணக்கை வகுப்பிலேயே போட்டுவிடலாம். ஆனால் அந்த 3.6 விநாடியைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

உயிரோடு இருந்தால் மட்டும் போதுமா?

வி.ஆர்.ஆர்.பி.க்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெட்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா. பெட்டிக்குள் லோடு பேலன்சர் புரோகிராம் செத்துக் கிடந்தாலும், குரல் கொடுக்கும் புரோகிராம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், "நான் இருக்கேன்" என்ற சத்தம் வந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டாண்ட்பை நிம்மதியாகத் தூங்கும். வாடிக்கையாளர்கள் வாசலில் நிற்பார்கள். 'அந்தப் புரோகிராமையும் கவனி, அது செத்தால் முன்னுரிமையைக் குறை' என்று நாம் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

பின்னால் இருக்கும் சர்வர்களைச் சோதிக்கும்போதும் இதே கதைதான். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், டேட்டாபேஸ் செத்துப்போய் வெறும் பிழைச் செய்தியைக் கக்கும் சர்வரும் 'நலம்' என்றே தெரியும். உண்மையான பக்கம் ஒன்றைக் கேட்டு, அதில் வர வேண்டிய வார்த்தை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடை திறந்திருக்கு, ஆனா சரக்கு இல்ல என்றால் அது கடையா?

ஒரே உறையில் இரண்டு கத்தி

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். ரெண்டு பெட்டியும் நன்றாகவே இருக்கின்றன. நடுவில் குரல் போகும் கேபிள் மட்டும் போய்விட்டது. என்ன ஆகும்? ஸ்டாண்ட்பை, "அண்ணன் போயிட்டார்" என்று நினைத்துக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொள்ளும். அண்ணனோ போகவே இல்லை! ஒரே முகவரிக்கு இரண்டு எஜமானர்கள். இதற்கு 'ஸ்ப்ளிட் பிரெய்ன்' என்று பெயர்.

ஏதோ புத்தகத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2018 அக்டோபர் 21 அன்று, உலகெங்கும் புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட்ஹப்பில் இதன் நெருங்கிய உறவினர் வந்து போனார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதாகிக்கொண்டிருந்த 100 கிகாபிட் ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை. அதில் அங்குள்ள நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே இணைப்பு அறுந்தது. எவ்வளவு நேரம்? வெறும் 43 விநாடி!

அந்த 43 விநாடிக்குள் தானியங்கி ஏற்பாடு வேலை செய்துவிட்டது. 'கிழக்கு போய்விட்டது' என்று முடிவுகட்டி, டேட்டாபேஸின் எஜமானப் பதவியை மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் கடைசி சில விநாடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தில் இல்லாத கணக்கு! சட்டென்று பழையபடி திருப்பவும் முடியவில்லை. எல்லாம் சரியாக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, எந்தக் கருவியும் தப்புச் செய்யவில்லை என்பதுதான். அமைத்து வைத்தபடியே அது நடந்துகொண்டது. நாடு முழுக்கக் கடந்து மறுகரையில் போய் எழுதும் தாமதத்தைக் கிழக்கிலுள்ள புரோகிராம்கள் தாங்குமா என்பதைத்தான் முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. குரல் போக இரண்டு தனி வழி வேண்டும், சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். சரிதான். ஆனால் அந்த ஏற்பாடு உண்மையில் என்ன செய்யும் என்பது கேபிளைப் பிடுங்கினால்தான் தெரியும்.

டனலுக்குள் ஒரு தபால் பதிவேடு

கிளை அலுவலகத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே பாதுகாப்பான பாதை போட வேண்டுமென்றால் ஐபிசெக் டனல் போடுகிறோம். இதையும் அந்த ஜோடிப் பெட்டிகளில்தான் பல இடங்களில் அமைக்கிறார்கள். இங்கேதான் ஆட்டமே சூடு பிடிக்கிறது.

டனலில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் முத்திரையிட்ட உறை மாதிரி. உறையின் மேல் வரிசை எண் இருக்கும். அந்தப் பக்கம் வாங்குபவர் ஓர் இன்வர்டு ரிஜிஸ்டர் வைத்திருப்பார். ஏற்கெனவே வந்த எண்ணோ, ரொம்பப் பழைய எண்ணோ வந்தால், "யாரோ பழைய உறையைத் திருப்பி அனுப்பி ஏமாற்றப் பார்க்கிறான்" என்று குப்பையில் போட்டுவிடுவார். நல்ல பாதுகாப்பு!

இப்போது ஆக்டிவ் பெட்டி விழுகிறது. அது 5,000-வது உறைவரை அனுப்பியிருக்கிறது. ஸ்டாண்ட்பையிடம் சாவி இருக்கிறது, ஆனால் அதன் கணக்கு 4,000-லேயே நிற்கிறது. அது 4,001 என்று எழுதி அனுப்பினால்? அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போகும். டனல் பச்சை விளக்குக் காட்டும், உள்ளே ஒரு பைட் கூடப் போகாது. இதற்காகவே 2011-ல் ஆர்.எஃப்.சி. 6311 என்ற விதிமுறை வந்தது. பதவிக்கு வரும் பெட்டி எதிர்முனையோடு பேசி எண்களைச் சரிசெய்துகொள்ளும் முறை அதில் இருக்கிறது. கணக்கைப் பகிராத பெட்டிகள் என்றால், எதிர்முனை "இவர் செத்துவிட்டார்" என்று கண்டுபிடித்து, புதிதாகக் கைகுலுக்கி, புதுச் சாவி போட வேண்டும். எத்தனை விநாடி பதில் வராவிட்டால் செத்ததாக வைத்துக்கொள்வது என்பதை நாம் அமைக்கவில்லை என்றால், நிமிடக் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஒன்று, கிளை அலுவலகப் பெட்டியில் எதிர்முனை முகவரியாக மிதக்கும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். முதல் பெட்டியின் சொந்த முகவரியைக் கொடுத்தாலும் டனல் அருமையாக வேலை செய்யும், முதல் பெட்டி விழும் நாள் வரை! இரண்டு, உறை போடுவதால் பாக்கெட்டின் எடை கூடும். ஈதர்நெட்டில் 1500 பைட் தான் எல்லை. அதற்கேற்பப் பாக்கெட் அளவைக் குறைக்காவிட்டால், "மச்சான், பிங் போகுது, ஃபைல் போகலடா" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். சின்ன பிங் நுழைந்துவிடும், பெரிய ஃபைல் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும்.

நண்பர்களே, மேலே சொன்ன ஒன்றாவது 'பிங் வந்துடுச்சு' என்ற சோதனையில் தெரியுமா? தெரியாது!

ஒரே தவறுக்கு இரண்டு பிரதி

ஜோடிப் பெட்டிகளில் ஒரு வசதி உண்டு. ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் தானாக மாறும். ரொம்ப வசதி. ஆனால் தப்பாக மாற்றினாலும் அதுவும் தானாகப் போய்ச் சேரும். ஒரே காலாவதித் தேதி கொண்ட சர்டிபிகேட்டை நூறு பெட்டியில் வைத்திருந்தால், நூறும் ஒரே நிமிடத்தில் படுக்கும்.

2018 டிசம்பர் 6 அன்று இதுதான் நடந்தது. எரிக்சன் கம்பெனி கொடுத்த மொபைல் நெட்வொர்க் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சர்டிபிகேட்டின் தேதி முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் ஓ2 கம்பெனியின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு அன்று பகல் முழுக்க டேட்டா இல்லை. அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நெட்வொர்க்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் முடங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிகளிடம் மாற்றுக் கருவி இல்லாமலா இருக்கும்? இருந்து என்ன பயன்! ஒரே வியாதி எல்லாருக்கும் இருந்தால் மாற்று ஆள் எதற்கு?

பயமும் பேட்சும்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வாசலில் நிற்கும் இந்தப் பெட்டிகளே திருடர்கள் குறிவைக்கும் முதல் இடம். 2020 ஜூலையில் எஃப்5 கம்பெனி தன் லோடு பேலன்சரின் நிர்வாகப் பக்கத்தில் இருந்த ஓட்டையை அறிவித்தது. அதற்குக் கொடுத்த ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைந்து கட்டளை போடலாம் என்ற அளவுக்கு மோசம். சில நாட்களிலேயே தாக்குதல்கள் ஆரம்பித்துவிட்டன. 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலரில் இன்னொரு ஓட்டை. ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்களின் அனுமதிச் சீட்டையே திருடிக்கொண்டு போகலாம். இதில் பேட்ச் போட்டால் மட்டும் போதாது. பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ரத்துசெய்து, அத்தனை பேரையும் வெளியே அனுப்பி மறுபடி நுழைய வைக்க வேண்டும்.

இங்கே கேளுங்கள். ஜோடியாகப் பெட்டி வைப்பதன் பெரிய லாபமே பட்டப்பகலில் பேட்ச் போட முடியும் என்பதுதான். முதலில் ஸ்டாண்ட்பைக்குப் பேட்ச் போடு, பொறுப்பை அதனிடம் மாற்று, பிறகு மற்றதற்குப் போடு. அவ்வளவுதான். ஆனால் 'மாற்றினால் எழுந்திருக்குமா?' என்று பயம் இருந்தால் என்ன செய்வோம்? "அடுத்த மாசம் பார்க்கலாம்", "பண்டிகை முடியட்டும்", "ஓடிட்டு இருக்கிறதை ஏன் தொடணும்?" இப்படியே தள்ளிப் போடுவோம். ஓட்டை திறந்தே கிடக்கும்.

ஆக, மாற்றிப் பார்க்கப் பயப்படும் ஜோடி பேட்ச் போடாத ஜோடியாகிறது. நின்று போகும் ஆபத்தும் திருடு போகும் ஆபத்தும் வேறு வேறு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயமாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. அந்த வேர், ஒத்திகை பார்க்காத பயம்!

"கேபிளைப் பிடுங்கினா வேலை போயிடும்!"

நியாயமான பேச்சுதான். "ஓடுற சர்வர்ல கேபிளைப் பிடுங்கச் சொல்றியா? டிப்ளமோக்காரன் பேச்சை எவன் கேட்பான்? ஏதாவது ஆச்சுன்னா முதல்ல நம்ம தலைதான் உருளும்!" என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

நான் யாரையும் திடீரென்று போய்ப் பிடுங்கச் சொல்லவில்லை. நாள் குறித்து, எழுத்தில் அனுமதி வாங்கி, எல்லாருக்கும் சொல்லிவிட்டு, பேக்கப் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போகும் வழியையும் எழுதி வைத்துக்கொண்டு செய்யச் சொல்கிறேன். எப்படியும் அந்தப் பெட்டி ஒருநாள் விழத்தான் போகிறது. நாம் குறித்த நாளில், பத்துப் பேர் விழித்திருக்கும்போது விழுவது நல்லதா? இல்லை, அது குறித்த நாளில், இரவு ரெண்டு மணிக்கு, நைட் ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு டிப்ளமோ பையனின் தலையில் விழுவது நல்லதா? அந்த இரவு ரெண்டு மணிப் பையன் வேறு யாரும் இல்லை. நாம்தான்!

நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி 'கேயாஸ் மங்கி' என்று ஒரு புரோகிராம் எழுதி, தன் சொந்தச் சர்வர்களையே வேலை நேரத்தில் கண்டபடி நிறுத்த வைத்தது. 2012-ல் அதை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. ஊழியர்கள் விழித்திருக்கும்போதே விழட்டும், பலவீனம் வெளியே வரட்டும் என்பதுதான் நோக்கம். அவ்வளவு பெரிய கம்பெனி குரங்கை விட்டு ஒத்திகை பார்க்கும்போது, நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

பேரவையின் முன் ஒரு கோரிக்கை

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அதனால் வழியும் சொல்கிறேன். இதற்கு லட்ச ரூபாய்ப் பெட்டி தேவையே இல்லை. லினக்ஸ், ஹெச்.ஏ.ப்ராக்சி, கீப்அலைவ்டி, ஸ்ட்ராங்ஸ்வான் எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. லேப் மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஐந்து பழைய கம்ப்யூட்டர் போதும்: ரெண்டு லோடு பேலன்சருக்கு, ரெண்டு வெப் சர்வருக்கு, ஒன்று டனலின் மறுமுனைக்கு. அதுவும் இல்லையென்றால் ஓரளவு நல்ல ஒரே கம்ப்யூட்டரில் ஐந்தையும் விர்ச்சுவல் மெஷினாக ஓட்டலாம்.

செய்முறைத் தேர்வில் இப்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? கட்டளைகளை மனப்பாடமாக அடிக்கிறோம், பிங் வருகிறது, மார்க் வருகிறது. அதற்குப் பதில் இந்த ஐந்தையும் வைத்துப் பாருங்களேன்.

முதலாவது, ஆக்டிவ் பெட்டியின் பவர் கேபிளைப் பிடுங்க வேண்டும். விநாடிக்கு ஒன்றாகப் போகும் பிங்கில் எத்தனை தொலைந்தது என்று எண்ண வேண்டும். வகுப்பில் போட்ட 3.6 விநாடிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா?

இரண்டாவது, பெட்டியை விட்டுவிட்டு உள்ளே ஓடும் புரோகிராமை மட்டும் நிறுத்த வேண்டும். ஸ்டாண்ட்பை எழுகிறதா, தூங்குகிறதா?

மூன்றாவது, குரல் போகும் வழியை மட்டும் அறுக்க வேண்டும். இரண்டு எஜமானர்கள் வந்தார்களா? வந்தால் எப்படிச் சமாளிப்பாய்?

நான்காவது, டனல் வழியாகப் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துகொண்டிருக்கும்போது பொறுப்பை மாற்ற வேண்டும். காப்பி தொடர்ந்ததா, நின்றதா, ஏன்?

ஐந்தாவது, ஒரே நாள் ஆயுள் உள்ள சர்டிபிகேட் போட்டு, மறுநாள் காலையில் வந்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

மார்க் எதற்குத் தெரியுமா? எல்லாம் சரியாக ஓடியதற்கு அல்ல. என்ன உடைந்தது, எத்தனை விநாடியில் மீண்டது, ஏன் அப்படி ஆயிற்று என்று மாணவன் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு பக்கத்துக்கு! அந்த ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவனை எந்த இன்டர்வியூவிலும் அசைக்க முடியாது. நமது மாணவர் பேரவை இந்த ஆண்டு துறைத்தலைவரிடம் கொடுக்கும் கோரிக்கைகளில், கேன்டீனுக்கும் பஸ் பாஸுக்கும் அடுத்தபடியாவது இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலைக்குப் போகும் இறுதியாண்டு அண்ணன் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. சேர்ந்த முதல் வாரமே, பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்: "சார், நம்ம ஸ்டாண்ட்பையைக் கடைசியா எப்போ ஓட்டிப் பார்த்தோம்? அடுத்தது எப்போன்னு தேதி இருக்குங்களா?" அந்தக் கேள்விக்குப் பட்டம் தேவையில்லை. கொஞ்சம் தைரியம் போதும்.

இரண்டு பெட்டி இருப்பது பில்லில் தெரியும். இரண்டாவது எழுந்திருக்குமா என்பது பிடுங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பிடுங்கிப் பார்ப்போம் நண்பர்களே, நம் லேபில், நம் நேரத்தில், நம் கையால்!

மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை